விடுதியின் பழைய பெயர்ப்பலகை: காப்பாற்றுவதா, மாற்றுவதா?

"பெயிண்ட் எல்லாம் உரிஞ்சு போச்சு, எழுத்தே தெரியலை, புதுசா ஒண்ணு மாட்டிடலாமா?" கிராமப்புற விடுதி நடத்துபவர்கள் பெரும்பாலும் இப்படிக் கேட்டுத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். பழைய மரப் பலகைகளைச் செப்பனிடுவது என் தொழில். முதலில் பலகையைக் கீழே இறக்குங்கள், அதன் முதுகையும் அடி விளிம்பையும் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம் என்பேன். முகம் சீரழிந்து, உடம்பு திடமாக இருக்கும் பலகைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இறக்குவதற்கு முன்னால் இரண்டு காரியங்கள். ஒன்று, பலகை யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். வேல்ஸில் பெட்டுஸ்-இ-கோய்டு என்ற ஊரில் உள்ள ராயல் ஓக் விடுதிக்கு 1847-ல் ஓவியர் டேவிட் காக்ஸ் தன் கையால் ஒரு பலகை தீட்டிக் கொடுத்தார். பின்னாளில் விடுதியை நடத்தியவர் நொடித்துப்போனபோது, பலகை கடன் கொடுத்தவர்களுக்கா, கட்டடத்தின் உரிமையாளருக்கா என்று வழக்கு நடந்தது. கட்டடத்தோடு சேர்ந்தது என்றே தீர்ப்பானது. நீங்கள் குத்தகைக்கு நடத்துகிறீர்கள் என்றால் உரிமையாளரிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள். கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருந்தால், கழற்றுவதற்கே அனுமதி வேண்டியிருக்கலாம். இரண்டாவது, தொங்கும் நிலையிலேயே நாலாபக்கமும் படம் எடுங்கள். இரும்புத் தண்டு, கொக்கி, சங்கிலி எல்லாம் படத்தில் வரட்டும். பெயிண்ட் செதில் செதிலாக நின்றால் பலகையைக் கிடைமட்டமாகவே நகர்த்த வேண்டும். உதிர்ந்த செதில்களைக் கூட்டித் தள்ளாமல் ஒரு காகித உறையில் போட்டு வையுங்கள்.

இனி நான் மிகவும் விரும்பிச் செய்யும் வேலை. அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைப் பலகையின் பரப்போடு ஒட்டினாற்போல், பக்கவாட்டில் பிடியுங்கள். பகலில் வெறும் சாம்பல் மரமாகத் தெரிந்த இடத்தில் எழுத்துகள் எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். காரணம் இதுதான்: வெயிலின் புற ஊதாக் கதிர், மர இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது, மழை அந்த இழைகளைக் கழுவிக்கொண்டு போகிறது. பூச்சு இல்லாத பைன் போன்ற மென்மரம் இப்படி நூறு ஆண்டில் சுமார் 6 மில்லிமீட்டர் தேயும். அந்தக் காலத்தில் பலகை எழுதியவர்கள் ஈய வெள்ளை கலந்த பெயிண்டால் எழுதினார்கள். அது மற்ற நிறங்களைவிட நெடுநாள் தாங்கும். ஆகவே பின்னணி தேய்ந்து, எழுத்து இருந்த இடம் மட்டும் மேடாக நிற்கிறது. பெயிண்ட் முழுக்கப் போன பிறகும் விரலால் தடவிப் படிக்கலாம். ஒரு பலகையில் மேலே தெரிந்த பெயருக்கு அடியில், வேறொரு பெயரும் ஒரு குதிரையின் கழுத்தும் இந்த வெளிச்சத்தில்தான் எனக்குத் தெரிந்தன. விடுதிக்காரருக்கே அந்தப் பழைய பெயர் தெரிந்திருக்கவில்லை. உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்தால் இந்த மேடு போய்விடும், திரும்ப வராது. ஆகவேதான் "லேசா தேய்ச்சு, மேலே பெயிண்ட் அடிச்சுடலாம்" என்ற யோசனையை நான் உறுதியாக மறுக்கிறேன். மாற்றினால்கூட பழையது எங்காவது பத்திரமாக இருக்கும். தேய்த்து அடித்தால் இரண்டும் கெட்டது.

தேய்க்கக் கூடாது என்பதற்கு உயிர் சம்பந்தப்பட்ட காரணமும் உண்டு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயிண்டில் அதை 1978-ல்தான் தடை செய்தார்கள். தேய்த்தால் தூசியாகவும், வெப்பத் துப்பாக்கியால் சூடாக்கினால் புகையாகவும் உடம்புக்குள் போகும். பரிசோதனைப் பட்டை வாங்கிச் சோதியுங்கள். வேலை நடக்கும் இடத்தில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கக் கூடாது.

அடுத்து மரம். கூரான குத்தூசியை எடுத்து அடி விளிம்பு, இணைப்புகள், ஆணியைச் சுற்றிய இடம், இழைகளின் குறுக்கே அறுத்த வெட்டுமுகம் ஆகிய நான்கையும் குத்திப் பாருங்கள். தண்ணீர் அங்கேதான் உள்ளே இறங்கும். ஊசி எதிர்த்து நின்றால் நல்லது; மெத்தென்று இறங்கினால் எவ்வளவு ஆழம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஈரமானி இருந்தால் வைத்துப் பாருங்கள்: மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். ஈரமான பலகையை வெயிலில் போட்டு உலர்த்தினால் வெடிக்கும். காற்றோட்டமான நிழலில், கட்டைகள் மேல் படுக்க வைத்து, மெதுவாக உலர விட வேண்டும்.

என் கணக்கு இது. அழுகல் விளிம்போடு நின்றிருந்தால் பலகை திரும்ப வெளியே போகலாம். இணைப்புகள் விட்டுப்போயிருந்தாலோ, கொக்கி பிடிக்கும் இடம் மெத்தென்று இருந்தாலோ, எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆட்கள் நடக்கும் வழிக்கு மேல் அதைத் தொங்கவிட மாட்டேன். பழைய ஓவியம் கணிசமாக மிஞ்சியிருந்தால், மரம் திடமாக இருந்தாலும் உள்ளே கொண்டுபோகச் சொல்வேன். காக்ஸின் பலகையும் கடைசியில் விடுதிக்குள்தான் போனது.

வெளியே திரும்பப் போகும் பலகைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வடித்த நீரில் லேசாக நனைத்த பஞ்சால் அழுக்கை உருட்டி எடுங்கள். பெயிண்ட் பஞ்சில் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். எழும்பி நிற்கும் செதில்களை ஒட்டுவது பயிற்சி உள்ளவர் வேலை. பாராலாய்டு பி-72 போல, பிறகு அசிட்டோனால் கரைத்து எடுக்கக்கூடிய பிசினைப் பயன்படுத்துகிறாரா என்று கேளுங்கள். பாலியுரேத்தேன் வார்னிஷ் வேண்டவே வேண்டாம்: அடியில் ஈரம் சிக்கினால் அது உரியும்போது பழைய பெயிண்டையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். ஆளிவிதை எண்ணெயும் வேண்டாம், கறுக்கும். துருப்பிடித்த திருகாணிகளை மாற்றுங்கள். ஓக் மரமாக இருந்தால் அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து கறுப்புக் கறை விடும், துருப்பிடிக்காத எஃகுதான் சரி. மேல் விளிம்புக்கு, தண்ணீர் முகத்தில் வழியாதபடி முன்தள்ளிய ஒரு தகட்டு மூடி போடுங்கள். எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது அந்தத் தகடுதான்.

மாற்றுவது என்று முடிவானால், பழையதன் மேல் கண்ணாடி போன்ற பாலியெஸ்டர் தாளை விரித்து எழுத்தைப் படியெடுங்கள். செதில் நிற்கும் பலகையில் தாள் படக் கூடாது. நேர் எதிரே நின்று எடுத்த படத்திலிருந்து அளவெடுக்கலாம். எந்தக் காலத்துத் தோற்றத்தை எழுதுவது என்ற கேள்வி வரும். கடைசியாக எழுதியவர் எழுதி முடித்த அன்று இருந்ததைப் போல எழுதுங்கள் என்பேன். புதுப் பலகையைச் சுரண்டி, கறை பூசி, வயதானதாகக் காட்டுவது எனக்குப் பிடிக்காத காரியம். பழைமையை நம்பி வருகிற விருந்தாளியை ஏமாற்றுவதாகிவிடும். ஈரம் தாங்கும் கடல்தரப் பிளைவுட் போதும், ஆனால் வெட்டு விளிம்புகளை நன்றாக அடைத்துவிட வேண்டும். எழுத்தின் உயரத்துக்குத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: 3 மீட்டர் தூரத்துக்கு 25 மில்லிமீட்டர். 30 மீட்டர் தொலைவில் வண்டி ஓட்டி வருபவர் படிக்க வேண்டுமென்றால் எழுத்து 25 சென்டிமீட்டர். பழைய எழுத்து இதைவிடச் சிறியது என்றால் அதைப் பெரிதாக்காதீர்கள், சாலையோரம் தனியாக ஒரு வழிகாட்டிப் பலகை நடுங்கள். தங்க ரேக்கு ஒட்டினால் 23 காரட்டாக இருக்கட்டும். அதன் மேல் வார்னிஷ் பூசினால், தங்கம் இருக்க வார்னிஷ் முதலில் கெடும்.

உள்ளே போகும் பழைய பலகையைக் கணப்புக்கு மேலே மாட்டாதீர்கள். எல்லோரும் முதலில் கைகாட்டும் இடம் அதுதான், சூட்டில் மரம் சுருங்கிப் பெயிண்ட் உதிரும் இடமும் அதுதான். ஈரம் ஏறாத உட்சுவரில், பின்னால் காற்று போக இடைவெளி விட்டு, புதுத் துளை போடாமல் அடி விளிம்பைத் தாங்கும் பிடிகளில் உட்கார வையுங்கள். எப்போது இறக்கினீர்கள், என்ன பூசினீர்கள், யார் செய்தார்கள் என்பதை ஒரு அட்டையில் எழுதி, செதில் உறையோடு சேர்த்து விடுதிக் கணக்குகள் இருக்கும் அலமாரியில் வையுங்கள்.