வாக்கிங் போய் வந்த பிறகு மீதி நாளை என்ன செய்வது?

ரிட்டயர் ஆன நாளிலிருந்து எல்லாரும் எனக்குச் சொல்லும் ஒரே யோசனை, நடங்க. டாக்டர் நடக்கச் சொல்கிறார், மகன் போனில் கூப்பிட்டு நடந்தியாம்மா என்கிறான், எதிர்வீட்டு அக்கா யோகா வகுப்புக்கு வரச் சொல்கிறார். நடக்காமல் இல்லை. கோத்தகிரியில் பால் பாக்கெட் வாங்கப் போனாலும் ஒரு ஏற்றம் ஏறித்தானே ஆகவேண்டும். ஆனால் ஏழரை மணிக்கு வீட்டுக்கு வந்து குல்லாயைக் கழற்றி வைத்தால், ராத்திரி படுக்கிற வரைக்கும் பதினாலு மணி நேரம் அப்படியே கிடக்கிறது, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நடை நல்லதுதான், மாத்திரையும் நல்லதுதான், அதற்காக மாத்திரை போடும் நேரத்தை யாராவது ஆசையாக எதிர்பார்த்துக் காத்திருப்பார்களா?

நான் தேடியது அந்தக் காத்திருப்பைத்தான். நாலைந்து விஷயங்களில் கைவைத்துப் பாழாக்கிய பிறகு மூன்று நிலைத்தன. எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைச் சொல்கிறேன், உங்களுக்கு நிலைப்பது வேறாக இருக்கும்.

முதலில் எதையும் வாங்காதீர்கள். எனக்குச் சின்ன வயதில் ஆர்மோனியத்தின் மேல் ஆசை, பணிக்கொடை வந்ததும் கோயம்புத்தூர் போய் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு கீபோர்டு வாங்கி வந்தேன். மூன்று பாட்டின் முதல் வரி வரைக்கும் வந்தது, அவ்வளவுதான். அப்புறம் அதன்மேல் ஒரு துண்டு போட்டு மூடினேன், துண்டின்மேல் பூனை படுத்துக்கொண்டது. கீபோர்டு மேல் தப்பில்லை. எனக்குப் பாட்டுக் கேட்கப் பிடிக்கும், ஒரே வரியை நாற்பது தடவை வாசிக்கப் பிடிக்காது, இது இரண்டும் வேறு என்று அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

அப்படியானால் எது பிடிக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? உட்கார்ந்து யோசித்தால் தெரியாது, யோசித்தால் ஓவியம், சங்கீதம், தோட்டம் என்று கௌரவமான பதில்தான் வரும். நான் செய்தது இது. தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளைக் குப்பையில் போடாமல் எடுத்து வைத்தேன், ராத்திரி அதன் பின்பக்கத்தில் ஒரு வரி: இன்றைக்கு எதில் நேரம் போனது தெரியவில்லை? எவ்வளவு அற்பமாக இருந்தாலும் எழுத வேண்டும், டிவி என்றால் டிவி என்றே எழுத வேண்டும். முப்பது தாள் சேர்ந்ததும் மொத்தமாகப் படித்துப் பார்த்தால், பதினோரு தாளில் மழை பெய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இருக்கிறது. ஏழு தாளில் வாசலில் நிற்கும் பாட்டில் பிரஷ் மரத்துக் குருவிகள். நாலைந்தில், அம்மா பழைய கதை சொன்னாள். ஓவியம் என்று ஒரு தாள்கூட இல்லை. எங்கள் வீட்டுக்காரரையும் எழுத வைத்தேன், அவருடைய தாள் பூராவும் அடுத்த வீட்டு மிக்ஸி, அடுத்த தெருக் குழாய், யாரோ ஒருவரின் ரேடியோ என்று ரிப்பேர் பார்த்த கதைதான். இப்போது எங்கள் முன்னறையில் கால் வைக்க இடமில்லை, ஆனால் மனிதர் சந்தோஷமாக இருக்கிறார்.

அடுத்தது நம் நீலகிரி மலையின் விஷயம். சமவெளிக்காரர்களுக்கு எழுதிய யோசனைகள் இங்கே பாதிக்கு மேல் செல்லாது. கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் அதிகம். மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிடும், ஆறு மணிக்கு மேல் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், கரடியும் வரும். அதனால் வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று என்று இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்கிற நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் செய்ய முடிகிறதா என்று பாருங்கள், முடியாததை நான் சேர்க்க மாட்டேன்.

மூன்றில் முதலாவது மழையை அளப்பது என்றால் சிரிப்பீர்கள். அடியிலிருந்து மேல்வரை ஒரே அகலமாக இருக்கிற பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்து, தலைப்பக்கத்தை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல் மாதிரி உள்ளே செருகுங்கள். பாட்டிலின் அடி மேடு பள்ளமாக இருக்கும், அதனால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு கோடு போட்டால் அதுதான் பூஜ்யம். அதிலிருந்து மேலே ஸ்கேலை ஒட்டிவிடுங்கள். காற்றில் சாயாமல் சுற்றி நாலு செங்கல் வைத்து, தினமும் காலை எட்டரைக்குப் பாருங்கள், வானிலைத் துறையும் எட்டரையிலிருந்து எட்டரை வரைதான் ஒரு நாள் மழை என்று கணக்கிடுகிறது, அப்போதுதான் உங்கள் எண்ணை அவர்களுடையதோடு ஒப்பிட முடியும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். இது தெரிந்த பிறகு எங்கள் தகரக் கூரையில் ஒரு ராத்திரியில் எத்தனை குடம் விழுந்தது என்று நானே கணக்குப் போட்டு வீட்டில் எல்லாரையும் அறுத்துக்கொண்டிருக்கிறேன். 2019 ஆகஸ்டில் இதே நீலகிரியில் இருக்கும் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது என்று பேப்பரில் படித்தபோது அது வெறும் எண். இப்போது என் பாட்டிலில் ஒரு நாளில் எட்டு சென்டிமீட்டர் ஏறினாலே தெருவெல்லாம் ஓடையாக ஓடுவதைப் பார்த்துவிட்டு அதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

சுவரிலிருந்தும் மரத்திலிருந்தும் தள்ளி வையுங்கள், அவை எவ்வளவு உயரமோ அதில் இரண்டு மடங்கு தூரம் இருந்தால் நல்லது. நான் முதலில் கூரை ஓரத்தில் வைத்து, தகரத்திலிருந்து வழிந்ததையும் சேர்த்துப் பிடித்து, சாதாரணத் தூறல் நாளில் 140 மில்லிமீட்டர் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் கேலி செய்கிறார்கள்.

பறவைக்கு வருவோம். இதற்கும் ஆரம்பத்தில் பைனாகுலர் வேண்டாம், வீட்டு வாசலே போதும். பதினைந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து, வந்ததை எண்ணி எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் கறுப்புக் கொண்டை, கன்னத்தில் சிவப்பு என்று எழுதினாலே போதும், அது செம்மீசைச் சின்னான் என்று பிறகு தெரிந்துகொள்ளலாம். போனில் மெர்லின் என்ற ஆப் இலவசம், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் செய்தது, சத்தத்தைக் கேட்டே இது இன்ன பறவை என்று காட்டும். நம் வயதுக்காரர்களுக்கு இதில் ஒரு தனி லாபம் இருக்கிறது. வயதானால் கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தான் முதலில் காதில் விழாமல் போகும். வெள்ளைக்கண்ணி என்று ஆப் காட்டிக்கொண்டே இருக்கிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆப் தப்பு என்று நினைத்தேன். பேத்தி வந்தபோது கேட்டேன், ஆமாம் பாட்டி, மரம் நிறையக் கத்துதே என்றாள். அன்றைக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது, அப்புறம் ஆப் பெயர் காட்டும்போதெல்லாம் மரத்தைப் பார்த்துப் பார்த்து, கண்ணாலேயே அவற்றைப் பிடிக்கப் பழகிவிட்டேன். ஆனால் ஆப் சொல்வதையெல்லாம் அப்படியே நம்ப வேண்டாம், சில நாள் இங்கே வரவே வராத பறவையின் பெயரையும் காட்டும், கண்ணால் பார்த்தால் மட்டும் எழுதுங்கள்.

நீலகிரி சிரிப்பான் என்று ஒரு பறவை, நாலைந்து சேர்ந்து குபீரென்று சிரிக்கிற மாதிரி கத்தும், புதரை விட்டு வெளியே வர மட்டும் அவ்வளவு யோசிக்கும். இந்த மலையையும் இதை ஒட்டிய மலைகளையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது, பழனி மலையில் சிரிப்பதுகூட வேறு இனம். அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து டிக்கெட் போட்டு வருகிறார்கள், நான் ஐம்பது வருடமாகக் கேட்டுவிட்டு ஏதோ குருவி என்று போய்க்கொண்டிருந்தேன். செப்டம்பர் வாக்கில் வடக்கேயிருந்து வாலாட்டிக் குருவி வரும், வயிறு மஞ்சளாக இருக்கும், ஓடைக் கல்லில் நின்று வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும். அது முதலில் கண்ணில் பட்ட தேதியை வருடா வருடம் எழுதி வைக்கிறேன். பிப்ரவரியில் நாலு நாள் உலகம் பூராவும் வீட்டுப் பக்கத்துப் பறவைகளை எண்ணுவார்கள், பதினைந்து நிமிட எண்ணிக்கை போதும், நீங்களும் சேர்த்துவிடலாம். லாங்வுட் சோலைக் காடு மாதிரி இடங்களுக்குத் துணையில்லாமல் போகாதீர்கள், மழைக்காலத்தில் அட்டைக்கு உப்போ மூக்குப்பொடியோ எடுத்துப் போங்கள்.

மூன்றாவது, அம்மாவின் பேச்சைப் பதிவு செய்வது. நாங்கள் 1972-ல் இலங்கையிலிருந்து வந்தவர்கள், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தப்படி, அங்கே தோட்டங்களில் இருந்த தமிழர்களில் 5.25 லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக இருந்தது, அதில் நாங்கள் ஐந்து பேர். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார், ஹட்டியில், அதாவது படுகர் ஊரில் வளர்ந்த படுகப் பாட்டியாக இருக்கலாம், படுகு மொழிக்குத் தனி எழுத்து இல்லை, அவர் சொல்வதைக் குரலாகப் பிடித்து வைப்பதுதான் நல்ல வழி.

கேட்கும்போது உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன், "என்னத்தச் சொல்ல, கஷ்டம்தான்" என்று முடித்துவிட்டாள். ஒரு பொருளைக் காட்டிக் கேளுங்கள். "இந்த டிரங்குப் பெட்டிக்குள்ள அன்னைக்கு என்னம்மா வச்சிருந்த?" என்றேன். ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினாள். அம்மி கொண்டுவர விடவில்லை, குழவியை மட்டும் சேலைக்குள் சுற்றி எடுத்து வந்தாளாம், அம்மியில்லாத குழவி. ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும், அவர்களும் களைத்துப் போவார்கள். பதிவின் பெயரில் தேதியையும் பொருளையும் போடுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து எது எதென்று தெரியாது. அன்றைக்கே நோட்டில் எழுதிவிடுங்கள், அவர்கள் சொன்ன சொல்லை மாற்றாமல். போனில் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கு இருக்கிறது, விரல் நடுங்குகிறவர்களுக்கு உதவும், ஆனால் தோட்டத்துப் பேச்சு அதற்குப் புரியாது. பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுப்பார்கள் என்று அம்மா சொன்னதை, புரோட்டாக் களம் என்று அடித்துக் கொடுத்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படிக்கப் பிடித்தால் ஊட்டியில் 1859-ல் தொடங்கிய நீலகிரி நூலகம் இருக்கிறது, உங்கள் ஊர்க் கிளை நூலகமும் இருக்கும், எனக்கு மூன்றாம் பக்கத்தில் தூக்கம் வரும். கண் நன்றாக இருந்தால் கம்பளி பின்னலாம், பெரிய ஊசி, தடித்த நூல் என்று ஆரம்பியுங்கள். தோடர்களின் பூவேலை துணியின் இழையை எண்ணி எண்ணிச் செய்வது, புவிசார் குறியீடு பெற்றது. அதை அவர்களிடமே வாங்கிப் போர்த்திக்கொள்ளுங்கள், காப்பியடித்து விற்கக் கிளம்பாதீர்கள்.

சங்கம், குழு எதுவும் கட்டாயமில்லை. ஆனால் விசாரிக்க ஒரு ஆள் வேண்டும். எனக்கு பால்காரத் தம்பி, "நேத்து எவ்ளோக்கா?" என்று கேட்பார், மழை அளவைத்தான். அவர் கேட்பார் என்பதற்காகவே காய்ச்சல் நாளிலும் எட்டரைக்கு எழுந்து போயிருக்கிறேன்.

ஒன்று பிடிக்காமல் போனால் ஒரு மாதம் கழித்து விட்டுவிடுங்கள், இந்த வயதில் யாருக்கும் பரீட்சை எழுதத் தேவையில்லை. விட்டதன் சாமானை மட்டும் வீட்டில் வைத்திருக்காதீர்கள், போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட்டுக் குற்றம் சொல்லும். கீபோர்டை போன மாதம் கீழ்த்தெருவில் பத்தாவது படிக்கும் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன், சாயங்காலம் வாசிப்பது இங்கே வரை கேட்கிறது, ஒரே வரியை நாற்பது தடவை. பூனை இரண்டு நாள் அந்த மூலையிலேயே சுற்றிவிட்டு, இப்போது ரேடியோக்களின் மேல் ஏறிப் படுக்கிறது.