சார்ஜ்னு எழுதியிருந்தா எந்த சார்ஜ்னு எப்படி கண்டுபிடிக்கது

நம்ம திருநெல்வேலி பக்கம் சார்ஜ்ங்கிற சொல்லு காதுல விழாத நாளே கெடையாது. போன்ல சார்ஜ் இல்ல, பஸ் சார்ஜ ஏத்திட்டாங்க, நம்ம ஊருக்கு விஏஓ இல்ல பக்கத்து ஊரு விஏஓ தான் அடிஷனல் சார்ஜ் பாக்காவ, கேஸ்ல சார்ஜ் ஷீட் போட்டாச்சா இல்லையா, இப்படி பேசும்போது யாருக்கும் கொழப்பம் வராது. ஆனா அதே சொல்லு பேங்க் லெட்டர்லயோ கோர்ட் பேப்பர்லயோ இங்கிலீஷ்ல வந்து நின்னா, ஏதோ துட்டு கட்டச் சொல்லுதாங்கன்னு நெறைய பேரு நெனச்சுக்கிடுதாங்க. வீட்ல அப்பா அம்மாவுக்கு லெட்டர் படிச்சு சொல்லுத பிள்ளைங்களுக்காகத்தான் இத எழுதுதேன்.

மொதல்ல ஒரு விஷயத்த பிடிச்சுக்கோங்க. லத்தீன்ல வண்டிய குறிக்க ஒரு சொல்லு உண்டு, அந்த வண்டில பாரம் ஏத்துறதுங்கிற அர்த்தத்துலதான் இது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. அதனால எங்க சார்ஜ்னு பாத்தாலும், யாரு மேல என்ன சுமை ஏறுதுன்னு கேளுங்க, துட்டா, பொறுப்பா, குத்தமா, கடனான்னு. நாமளும் குற்றம் சுமத்துனாங்க, வரிச்சுமைன்னு தான சொல்லுதோம், அதனால நமக்கு இது சட்டுன்னு பிடிபடும்.

துட்டு சம்பந்தப்பட்டது லேசு. நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஸ்லீப்பர் டிக்கெட் எடுத்தா அடிப்படை கட்டணம் போக ரிசர்வேஷன் சார்ஜ் 20 ரூபா, சூப்பர்ஃபாஸ்ட் சார்ஜ் 30 ரூபான்னு தனித்தனியா விழும். எழுதும்போது ஒண்ணு கவனிக்கணும், கடையில வாங்குத பொருளுக்கு பிரைஸ், செஞ்சு குடுக்குத வேலைக்கு சார்ஜ், பயணத்துக்கு ஃபேர், அதனால நாம வாய் நெறைய சொல்லுத பஸ் சார்ஜ் பரீட்சை பேப்பர்ல பஸ் ஃபேர்னு தான் வரணும். ஃப்ரீ ஆஃப் சார்ஜ்னா இலவசம். ஓட்டல் பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு தானா போட்டிருந்தா கேளுங்க, அப்படி தானா சேக்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலைலயே வழிகாட்டுதல் போட்டிருக்கு.

அடுத்தது குத்தம். ஆன் எ சார்ஜ் ஆஃப் தெஃப்ட்னு இருந்தா திருட்டு வழக்குலன்னு அர்த்தம், அங்க துட்டுக்கு வேலையே இல்ல. சார்ஜ்க்கு பின்னால ஆஃப் வந்து அதுக்கப்புறம் ஒரு குத்தத்தோட பேரு வந்தா கண்ண மூடிக்கிட்டு குற்றச்சாட்டுன்னு எடுத்துக்கோங்க. சார்ஜ் ஷீட் போலீஸ் கோர்ட்ல தாக்கல் பண்ணுதது, அத பாத்துட்டு இன்ன குத்தத்துக்கு விசாரிக்கணும்னு கோர்ட் முடிவு பண்ணுதது தான் ஃப்ரேமிங் ஆஃப் சார்ஜ், ரெண்டும் வேற வேற. சார்ஜ் ஷீட்ல பேரு வந்துட்டாலே குத்தவாளின்னு தெருவுல பேசிருதாங்க, அது ரொம்ப தப்பு, கோர்ட் விசாரணையே இன்னும் ஆரம்பிக்கல. கவர்மெண்ட் வேலைல இருக்கவங்களுக்கு வர்ற சார்ஜ் மெமோவும் இந்த வகை தான், நம்ம மாநில அரசு ஊழியர் ஒழுங்கு விதில 17ஏன்னா சின்ன தண்டனை, 17பின்னா பெரிய தண்டனை வரைக்கும் போகலாம்.

எல்லாத்தையும் விட கவனமா பாக்க வேண்டியது நெலத்து மேல ஏறுத சார்ஜ். பேங்க்ல லோன் சாங்ஷன் லெட்டர் வாங்கும்போது ஒரே பக்கத்துல ரெண்டு சார்ஜ் இருக்கும். மேல ப்ராசஸிங் சார்ஜ்னு ஒரு தொகை போட்டிருக்கும், கீழ ஃபர்ஸ்ட் சார்ஜ் ஆன் தி ப்ராப்பர்ட்டின்னு இருக்கும், அங்க ரூபாயே இருக்காது. மொதல்ல உள்ளத கட்டுனா முடிஞ்சு போச்சு. ரெண்டாவது, அந்த சொத்த வித்து கடன எடுக்குத நெலம வந்தா மொத உரிமை அந்த பேங்குக்குன்னு அர்த்தம், கடன் தீருத வரைக்கும் அது நெலத்த விட்டு எறங்காது. ஆன்ங்கிற சின்ன சொல்லு தான் இங்க அடையாளம், சார்ஜ் ஃபார்னா வேலைக்கு கூலி, சார்ஜ் ஆன்னா சொத்து மேல பிடி. 1882ல வந்த சொத்து மாற்றுச் சட்டத்துல 58வது பிரிவு அடமானத்துக்கு, 100வது பிரிவு சார்ஜுக்குன்னு தனியாவே இருக்கு. கையெழுத்து போடுதவங்களுக்கு இந்த ரெண்டாவது வரிய நிறுத்தி படிச்சு காட்டுங்க, தயவுசெஞ்சு தாண்டிப் போயிராதீங்க.

டிஸ்சார்ஜ் எறக்கி வைக்குதது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரில டிஸ்சார்ஜ், பேட்டரி டிஸ்சார்ஜ், கோர்ட்ல சார்ஜ் ஃப்ரேம் பண்ணாமலே விடுவிச்சாலும் டிஸ்சார்ஜ் தான். லோனும் அப்படியே, பதிஞ்ச அடமானமா இருந்தா கடன் கட்டி முடிச்சதும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ரசீது பத்திரம் பதியணும், அப்பதான் வில்லங்கம் போட்டு பாக்குதவங்களுக்கு கடன் தீந்துச்சுன்னு தெரியும்.

போன் சார்ஜ் எல்லாருக்கும் தெரியும், ஆனா பள்ளிக்கூடத்துல சார்ஜையும் கரண்டையும் போட்டு கொழப்பிக்கிடுதாங்க. சார்ஜ்னா மின்னூட்டம், அது ஓடுனா கரண்ட், அதாவது மின்னோட்டம். மின்னூட்டத்த கூலும்னு அளப்பாங்க, ஒரு ஆம்பியர் கரண்ட் ஒரு செகண்ட் ஓடுனா ஒரு கூலும். 5000 எம்ஏஹெச் பேட்டரின்னா 5 ஆம்பியர் ஒரு மணி நேரம், 3600 செகண்டால பெருக்குனா 18,000 கூலும். கல்குவாரில குழிக்குள்ள வச்சு கெட்டிக்குத வெடிமருந்துக்கும் சார்ஜ்னு தான் பேரு.

லத்தி சார்ஜ்ல பாயுததுன்னு அர்த்தம், இதுல யாரு என்ன சுமக்காங்கன்னு தேடாதீங்க. நம்ம ஊர்ல இந்த சொல்ல கேட்டா 1999 ஜூலை 23 தான் ஞாபகம் வரும், மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளருங்க ஊர்வலத்துல போலீஸ் அடிக்கப் போயி தாமிரபரணில 17 உயிரு போச்சு.

கடைசியா ஆபீஸ் சார்ஜ். சார்ஜ் எடுத்தாச்சுன்னா பொறுப்பேத்தாச்சு, அடிஷனல் சார்ஜ்னா தன் வேலையோட இன்னொருத்தர் வேலையையும் சேத்து பாக்குதது. இதுல பிள்ளைங்க வழுக்குத எடம் ஒண்ணு இருக்கு. டீச்சர் இஸ் இன் சார்ஜ் ஆஃப் தி சில்ட்ரன்னா டீச்சர் பொறுப்புல பிள்ளைங்க. சில்ட்ரன் ஆர் இன் தி சார்ஜ் ஆஃப் தி டீச்சர்னாலும் அதே தான், ஆனா நடுவுல தி வந்ததும் பாத்துக்கிடுதவங்களும் பாத்துக்கிடப்படுதவங்களும் எடம் மாறிருதாங்க. அந்த தியை விட்டுட்டு எழுதுனா பிள்ளைங்க டீச்சர பாத்துக்கிடுதாங்கன்னு ஆயிரும், மார்க்கும் போயிரும்.