அலையாத்திச் சேற்றிலிருந்து ஆன்டிபயாடிக் தேடுவது எப்படி

பிச்சாவரம், பரங்கிப்பேட்டை வெள்ளாற்றுக் கழிமுகம் போன்ற இடங்களின் சேற்றில் தேட வேண்டிய முதல் பாக்டீரியாக் கூட்டம் ஆக்டினோமைசீட்ஸ்; ஆன்டிபயாடிக் சுரப்பவை பல இதில்தான். பிச்சாவரம் காப்புக்காடு என்பதால் வனத்துறை அனுமதி வாங்கிய பிறகே சேற்றில் கை வையுங்கள்.

நீர் வற்றும் நேரத்தில் மேல் சேற்றை ஒதுக்கிவிட்டு, 10 செ.மீ. ஆழத்திலிருந்து கிருமிநீக்கிய குழாயில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகம் சேருங்கள். 1 கிராம் சேற்றை 9 மி.லி. கிருமிநீக்கிய கடல்நீரில் கலக்கி, 55 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் 6 நிமிடம் வையுங்கள். சூடு தாங்காத பாக்டீரியா பெரும்பாலும் மடியும், ஆக்டினோமைசீட்ஸ் வித்துகள் பிழைக்கும்.

அவற்றை வளர்க்கும் ஊடகம் ஸ்டார்ச் கேசின் அகார். லிட்டருக்கு ஸ்டார்ச் 10 கிராம், கேசின் 0.3, பொட்டாசியம் நைட்ரேட் 2, டைபொட்டாசியம் பாஸ்பேட் 2, அகார் 18. கரைக்கப் பாதி கடல்நீர், பாதி வாலைநீர், பி.எச். 7.2. கடல்நீரோடு பாஸ்பேட் சேர்ந்து லேசாகக் கலங்கும், அதனால் கெடுதல் இல்லை. ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமிநீக்கி), இறுகிவிடாத சூட்டுக்கு ஆறிய பின் மி.லி.க்கு சைக்ளோஹெக்சிமைடு 100 மைக்ரோகிராம், நாலிடிக்சிக் அமிலம் 20 மைக்ரோகிராம் சேர்த்துத் தட்டில் ஊற்றுங்கள். முன்னது பூஞ்சையையும் பின்னது கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவையும் தடுக்கும். சைக்ளோஹெக்சிமைடு கொடிய நச்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. தட்டின் மேற்பரப்பு ஈரமாக இருந்தால் பேசிலஸ் என்ற பாக்டீரியா படர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். நன்றாக உலர்த்திய தட்டில்தான் சேற்றுக் கலவையைப் பரப்ப வேண்டும்.

28 டிகிரியில் மூன்று வாரம் வையுங்கள். மூன்றாம் நாளே வளர்ந்து நிற்பதைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். நமக்கு வேண்டியது தாமதமாக வரும்: மாவு பூசினாற்போல வறண்ட, அகாருக்குள் வேர்விட்ட சிறு காலனி. லூப்பால் (கம்பி வளையத்தால்) தொட்டால் வழியாது, அப்படியே பெயரும். பலவற்றில் மண்வாசனை வரும்.

தூய்மைப்படுத்திய காலனியிலிருந்து 6 மி.மீ. அகார் வட்டு வெட்டி, ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற நோய்க்கிருமியைப் பரப்பிய முல்லர் ஹிண்டன் அகார் தட்டில் வையுங்கள். ஃபிரிட்ஜில் 2 மணி நேரம் இருந்தால் மருந்து ஊறிப் பரவும்; பிறகு 37 டிகிரியில் ஓர் இரவு. நோய்க்கிருமியோடு வேலை என்பதால் உயிர்ப்பாதுகாப்பு அலமாரி கட்டாயம். வட்டைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவளையம் தெரிந்தால் அந்தக் காலனியைத் திரவ ஊடகத்தில் 7 நாள் வளர்த்து, வடிகட்டிய திரவத்திலிருந்து மருந்தைச் சம அளவு எத்தில் அசிடேட் என்ற கரைப்பானில் பிரித்தெடுங்கள். அகாரில் வேலை செய்தது திரவத்தில் மௌனமாகிவிடுவது சகஜம். அப்போது அகாரையே நறுக்கி எத்தில் அசிடேட்டில் ஊறவைக்கலாம். இந்தச் சாற்றைக் காகித வட்டில் ஊற்றி உலர்த்தி மறுபடி அதே கிருமியில் சோதிக்கும்போது, வெறும் எத்தில் அசிடேட் ஊற்றி உலர்த்திய வட்டு ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். அதைச் சுற்றியும் வளையம் வந்தால் உங்கள் வளையத்துக்கு மதிப்பில்லை.

இனிதான் கடினமான கட்டம். கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே அறிந்த மருந்துகள். ஆரஞ்சு நிறச் சாறு, 440 நானோமீட்டர் அருகே ஒளி உறிஞ்சல், மூலக்கூறு எடை 1,255 என்றால் அது ஆக்டினோமைசின் டி ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே கட்டமைப்பு ஆய்வுக்குப் பணம் செலவழிக்கும் முன்பே எல்.சி.-எம்.எஸ். (சாற்றின் பொருள்களைப் பிரித்து மூலக்கூறு எடை காட்டும் சோதனை) பாருங்கள். பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணு வரிசை புதிய இனம் என்று காட்டினாலும் மருந்து புதிது என்று ஆகாது.

வளையம் தந்த காலனியை முதல் நாளே 20% கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் சேமியுங்கள். தட்டு மாற்றி மாற்றி வளர்த்தால் மருந்து சுரக்கும் திறன் போய்விடலாம்.