ஒரு நியூரானின் ஞாபகத்தைச் சோதிப்பது எப்படி

ஒரு நியூரான், அதாவது ஒரு மூளைச் செல், எதை ஞாபகம் வைத்திருக்கிறது என்று மனிதரிடம் சோதிக்க வலிப்பு நோயாளிகளிடம்தான் வாய்ப்பு கிடைக்கிறது. ஆராய்ச்சிக்காக யாருடைய மண்டையையும் திறப்பதில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு எங்கே கிளம்புகிறது என்று கண்டுபிடிக்க மருத்துவர்கள் மூளைக்குள் எலக்ட்ரோடு (மின்முனை) வைக்கிறார்கள். அதன் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் 40 மைக்ரான் (0.04 மில்லிமீட்டர்) தடிமனுள்ள கம்பிகள்தான் தனித்தனி செல்களின் மின் துடிப்பைப் பிடிக்கின்றன. எங்கே வைப்பது என்பதை நோய்தான் முடிவு செய்யும்.

நோயாளிக்குக் காட்டும் படங்களைத் தேர்வதில்தான் பாதி வேலை. நோயாளிக்கு யாரைத் தெரியும், எந்த இடம் பிடிக்கும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அறிமுகமில்லாத முகத்துக்கு, ஞாபகத்துக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் செல்கள் பெரும்பாலும் வாய் திறக்காது. சுமார் 100 படங்கள், ஒவ்வொன்றும் 1 விநாடி, ஆறு முறை, கலைத்துப் போட்ட வரிசையில். ‘இது முகமா, இல்லையா’ என்று பொத்தானை அழுத்தச் சொன்னால் கவனம் சிதறாது.

கம்பியில் கிடைத்த பதிவை 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டி, எது எந்தச் செல்லின் துடிப்பு என்று அலைவடிவப்படி பிரித்தெடுங்கள். ஒரு செல் துடித்ததும் சற்று ஓய்ந்தே மீண்டும் துடிக்கும். 3 மில்லிவிநாடிக்குள் அடுத்த துடிப்பு வருவது 1 சதவீதத்தைத் தாண்டினால், இரண்டு மூன்று செல்கள் கலந்துவிட்டன என்று பொருள். அதைத் தனிச் செல்லாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

படம் வந்த 300 முதல் 1000 மில்லிவிநாடிக்குள் எழும் துடிப்புகளை, படத்துக்கு முந்தைய அமைதி நேரத்தோடு ஒப்பிடுங்கள். அமைதி நேரச் சராசரிக்கு மேல் 5 திட்டவிலக்கம் (வழக்கமான ஏற்ற இறக்கத்தைப் போல் ஐந்து மடங்கு) தாண்ட வேண்டும் என்பது கடுமையான எல்லைதான். ஆனால் 100 படங்களைச் சோதிக்கும்போது எல்லையைத் தளர்த்தினால் தற்செயலெல்லாம் கண்டுபிடிப்பாகிவிடும்.

துடித்த செல்லை அதே நாளில் மறுபடி சோதியுங்கள். இரவுக்குள் கம்பி நகர்ந்தால் செல் கைவிட்டுப் போகும். அதே ஆளின் வேறு படங்களையும், எழுத்தில் பெயரையும் காட்டுங்கள். 2005-இல் குவியன் குயிரோகா, இட்சாக் ஃபிரீட் குழு வெளியிட்ட ஆய்வில் ஒரு செல், ஹாலிவுட் நடிகை ஹாலி பெர்ரியின் புகைப்படத்துக்கும் கோட்டோவியத்துக்கும் பெயரின் எழுத்துகளுக்கும் துடித்தது. எழுத்துக்கும் முகத்துக்கும் தோற்றத்தில் ஒற்றுமையே இல்லை. ஆகவே அந்தச் செல் பிடித்துவைத்திருப்பது உருவத்தை அல்ல, ஆளை.

ஞாபகம் உருவாவதைப் பார்க்க, அந்த ஆளை ஒரு இடத்தோடு இணைத்து ஒரே படமாக்குங்கள். அந்த இடத்துக்கு முன்பு செல் துடித்திருக்கக் கூடாது. 2015-இல் இசோன் குழு இப்படிச் செய்தபோது, முதலில் ஆளுக்கு மட்டும் துடித்த செல்கள், ஜோடியைக் கற்றபின் தனியாகக் காட்டிய இடத்துக்கும் துடித்தன. சில செல்களுக்கு ஒரே தடவை பார்த்ததே போதுமாயிருந்தது. ஒப்பிட, எதோடும் ஜோடி சேர்க்காத இடங்களையும் இடையில் காட்டுங்கள். அவற்றுக்கும் துடிப்பு கூடினால் அது கற்றதால் வந்ததல்ல.