தாத்தா நல்லவர் என்று மட்டும் எழுதாதீர்கள்

தாத்தா போன பிறகு அவரைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். அன்பானவர், பக்திமான், குடும்பமே உலகம் என்று இருந்தவர், கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவர். மறுபடி படித்தால் அது யாருடைய தாத்தாவுக்கும் பொருந்துகிறது, என் தாத்தாவைத்தான் அதில் காணோம். அப்புறம் ஒரு வருஷம் மெதுவாக உட்கார்ந்து சேகரித்தேன். நீங்களும் அப்படி ஒன்று எழுதி வைக்க நினைத்தால் நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டது இது.

முதலில் அவருடைய போனை எடுங்கள். எழுதுவதெல்லாம் பிறகு. வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் நீக்கப்பட்டுவிடும். போனை வேறு யாராவது அழித்துவிட்டுக் குழந்தைக்கு விளையாடக் கொடுத்துவிட்டால் அதோடு எல்லாம் போச்சு. அவர் அனுப்பிய குரல் பதிவுகள் உங்கள் போனிலும் மாமா, சித்தி போன்களிலும் இருக்கும், எல்லாவற்றையும் வாங்கி ஓரிடத்தில் போடுங்கள். "சாப்டியா, போன் பண்ணு" என்று ஏழு விநாடி பேசியிருப்பார், அதுவும் வேண்டும். முகத்துக்குப் போட்டோ இருக்கிறது, குரலுக்கு இதுதான்.

அடுத்தது பெரியவர்களிடம் கேட்பது. பாட்டி, தாத்தாவின் தம்பி தங்கைகள், பழைய நண்பர்கள். "தாத்தா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்பார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வார், கோபம் வந்தால் யாரிடம் காட்டுவார், கையில் காசே இல்லாத காலத்தில் எப்படிச் சமாளித்தார் என்று கேளுங்கள். வயதானவர்களுக்குத் தங்கள் 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்ததுதான் மற்ற காலத்தைவிட அதிகமாக நினைவில் நிற்கும் என்கிறது உளவியல், அதனால் கல்யாணம், முதல் வேலை, முதல் குழந்தை என்று அங்கிருந்து தொடங்கினால் தானாக வரும். அவருடைய கண்ணாடிக் கூட்டையோ கைக்கடிகாரத்தையோ பாட்டி கையில் கொடுத்துப் பாருங்கள், எந்தக் கேள்வியும் அதற்கு ஈடாகாது. போனில் பதிவு செய்வதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அவர்கள் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள், நான் அப்படித் தாவி இரண்டு நல்ல கதைகளைக் கெடுத்திருக்கிறேன்.

பக்தியைப் பற்றி எழுதுவதுதான் எனக்கு மிகவும் சிரமமாக இருந்தது, ஏனென்றால் அவருக்கு இருந்த நம்பிக்கை எனக்கு அந்த அளவுக்கு இல்லை. கடைசியில் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினேன். அவருடைய பிரார்த்தனைப் புத்தகத்தில் எந்தப் பக்கம் விரல் பட்டுப் பட்டுப் பழுப்பேறியிருக்கிறது, எந்த வரிக்குக் கீழே கோடு போட்டிருக்கிறார், நடுவில் என்ன சீட்டு செருகியிருக்கிறார், இவ்வளவுதான். எங்கள் எல்லோருடைய பெயரையும் வயது வரிசையில் எழுதிய ஒரு தாள் கிடைத்தது. தினமும் வாய்க்குள் எதை முணுமுணுத்துக்கொண்டிருந்தார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

தர்மம் பண்ணியதைத் தேடிப் பிடிப்பது இன்னும் கஷ்டம். உண்மையாகவே கொடுத்தவர்கள் கணக்கைக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். ரசீதுகள், மணியார்டர் சீட்டுகள், நன்றிக் கடிதங்கள், டைரியின் கடைசிப் பக்கங்கள் எல்லாவற்றையும் புரட்டிய பிறகுதான் எதையும் குப்பையில் போடவேண்டும் (எங்கள் வீட்டில் ஒரு பை நிறையப் போய்விட்டது, யார் போட்டது என்று கேட்டு இப்போது பயனில்லை). அவர் போய்வந்த இடங்களுக்கு நேரில் போய்ப் பேசினால் நீங்கள் கேள்விப்படாத தாத்தா ஒருவர் கிடைப்பார். ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உதவி வாங்கியவரின் பெயர், ஊர், அடையாளம் எதுவும் நீங்கள் எழுதுவதில் வரக்கூடாது. தாத்தாவின் பெருமைக்காக இன்னொருவரின் கஷ்டத்தை ஊருக்குச் சொல்ல நமக்கு உரிமை இல்லை, அவரும் அதை விரும்பியிருக்க மாட்டார்.

பழைய போட்டோக்களுக்குப் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள், அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் கறையாகும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதினால் போதும். பசைத் தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டதைப் பிய்த்து எடுக்காமல் அப்படியே படம் பிடியுங்கள். சின்னப் படங்களை ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

அவருடைய குறையையும் எழுதுங்கள். என் தாத்தா பிடிவாதக்காரர், சொந்தத் தம்பியோடு ஆறு வருஷம் பேசவில்லை. அதை எழுதியதற்கு வீட்டில் சண்டையே நடந்தது, சின்னத் தாத்தாதான் "இருக்கட்டும், கடைசியில் அண்ணன்தானே வந்து பேசினான்" என்று சொல்லி அடக்கினார். அந்த வரியையும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் நினைவாக ஏதாவது செய்ய நினைப்பவர்கள் புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கு முன் அவர் பாதியில் விட்டுப்போனது எதுவென்று பாருங்கள். எங்களுக்கு ஒரு சின்ன நோட்டு கிடைத்தது. ஒவ்வொரு மாதத்துக்கும் கீழே பெயர்களின் முதலெழுத்துகள் மட்டும், பக்கத்தில் டிக். கடைசி மாதத்தில் ஓர் எழுத்துக்கு மட்டும் டிக் இல்லை. யாரென்று பாட்டியிடம் கேட்டேன். "அவரே சொல்லாததை நான் ஏன் சொல்லணும்" என்று நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார். போன வாரம் எதேச்சையாகப் பார்த்தேன், அந்த எழுத்துக்குப் பக்கத்தில் நடுங்கிய கையில் ஒரு டிக் இருக்கிறது.