"முதலில் எடையைக் குறையுங்கள்" என்று தொடங்கும் தவறுகள்

உடல் பருமனோடு வாழும் ஒருவர் "மனசு படபடக்கிறது" என்றால், வீட்டிலும் மருத்துவமனையிலும் முதலில் கிடைக்கும் பதில், "முதலில் எடையைக் குறையுங்கள்" என்பதுதான். என்னைக் கோபப்படுத்தும் பதில் இது. பதற்றத்துக்கென்று தனிச் சிகிச்சை உண்டு; எடை இறங்கும்வரை அதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் வகுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை, அதாவது அச்சமூட்டும் எண்ணங்களையும் ஒதுங்கும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் சிகிச்சையை, இப்போது கணினியிலும் கைப்பேசியிலும் பாடம் பாடமாகப் பெற முடிகிறது. மருத்துவமனை வரவேற்பறையில் பிறர் பார்வைக்குக் கூசுபவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் மூச்சு வாங்குவதையும் நெஞ்சு படபடப்பதையும் பதற்றம் என்று நாமே முடிவுகட்டிவிட்டுப் பாடத்தில் இறங்கக் கூடாது. தைராய்டு, இதய நோய், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவற்றிலும் இதே அறிகுறிகள் வரலாம். முதலில் மருத்துவர் பார்க்கட்டும்.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். காணொளிகளை எல்லாம் பார்த்து முடிக்கிறார்கள்; பயிற்சியைத் தொடுவதில்லை. சிகிச்சையின் உயிர் திரைக்கு வெளியே இருக்கிறது. உறவினர் திருமணம் என்றாலே ஒதுங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். "பந்தியில் எல்லாரும் என் இலையைத்தான் பார்ப்பார்கள்" என்ற அச்சத்தை அவர் முதலில் எழுதிவைக்க வேண்டும். பிறகு நெருங்கிய சொந்தக்காரர் வீட்டில் ஒரு காபி, அடுத்து வரவேற்பில் அரை மணி நேரம், கடைசியாகப் பந்தி என்று படிப்படியாகப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் நினைத்ததையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். யாராவது "இன்னும் பெருத்துவிட்டாயே" என்று உண்மையாகவே சொல்லிவிடலாம். அதைக் கற்பனை என்று மழுப்பும் பாடம் நல்ல பாடம் அல்ல. அந்தச் சொல் காயப்படுத்தும். கேட்ட பிறகும் அங்கே உட்கார்ந்து சாப்பிட முடியும் என்பதுதான் பயிற்சி கற்றுத்தருவது.

பயன் தெரிகிறதா என்று எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறிப் பார்ப்பதும் தவறு. அதற்குப் பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 என்ற கேள்வித்தாள் இருக்கிறது: கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி 7 கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 21 வரை. 10ஐத் தொட்டால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்ப்பது நல்லது. அது குறைந்துவந்தால், எடை அப்படியே இருந்தாலும் சிகிச்சை பலிக்கிறது என்று பொருள்.

தனியாகவே முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வாரம் ஒருமுறை ஆலோசகர் ஒருவர் விசாரித்தால்கூடப் பாதியில் விடுவது குறைகிறது. மனநல மருந்துகள் சில எடையைக் கூட்டும். அந்தப் பயத்தில் நீங்களாக நிறுத்தாமல், மாற்று மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் பாடத்தை மூடிவிட்டு, அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.