வேண்டாத அப்டேட்டர்களைக் கணினியிலிருந்து நீக்குவது எப்படி?

ஏதோ ஓர் இலவச மென்பொருளை நிறுவியபோது, டிரைவர் அப்டேட்டர் (கணினியின் பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருள்களைப் புதுப்பிப்பதாகச் சொல்லும் நிரல்) போன்ற ஒன்றும் கேட்காமலேயே உடன் வந்து ஒட்டிக்கொண்டிருந்தால், முதலில் விண்டோஸ் 11-இன் செட்டிங்ஸில் ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று சென்று, பட்டியலை நிறுவிய தேதியின்படி வரிசைப்படுத்துங்கள். ஒரே நாளில் வந்தவை அடுத்தடுத்துத் தெரியும் என்பதால், வேண்டாத விருந்தாளியை எளிதில் அடையாளம் காணலாம். அதன் வலப்பக்கமுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி அன்இன்ஸ்டால் செய்யுங்கள். இடையில், போக வேண்டாம் என்று கெஞ்சும் பெட்டிகள் வரக்கூடும். அவற்றில் பளிச்சென்று தெரியும் பட்டன் பல நேரங்களில் மென்பொருளை வைத்துக்கொள்வதற்கானது என்பதால், நிதானமாகப் படித்த பின்பே அழுத்துங்கள்.

நீக்கிய பிறகும் அது தலைகாட்டினால், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக இயக்கும் விண்டோஸ் கருவியான டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து பாருங்கள். அங்குள்ள லைப்ரரியில் ஒரு பணியைத் தேர்ந்தெடுத்து ஆக்‌ஷன்ஸ் பகுதிக்குச் சென்றால், எந்தக் கோப்பு எந்த ஃபோல்டரிலிருந்து இயக்கப்படுகிறது என்பது முழுமையாகத் தெரியும். அது நீக்கிய மென்பொருளின் ஃபோல்டராக இருந்தால் மட்டும் அப்பணியை அழியுங்கள், ஐயமிருந்தால் டிஸேபிள் செய்தாலே போதும். கணினி தொடங்கும்போதே தானாக இயங்கும் நிரல்களைக் காட்டும், டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விண்டோஸ் அப்டேட்டையும் பிரவுசரின் அப்டேட்டரையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் அவற்றின் வழியாகத்தான் வருகின்றன.